எல்லைக்கு வெளியே நின்ற மாணவர்கள்



கொரோனாவும் அயல்நாட்டுக் கல்வியும் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இந்தப் பேச்சு பெரும்பாலும் சேர்க்கை எண்ணிக்கையில் தொடங்கும். அமெரிக்காவில் 2019-20 கல்வியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டு மாணவர் தொகை, அடுத்த ஆண்டே சுமார் 9 லட்சத்து 14 ஆயிரமாகக் குறைந்தது. அந்தக் கணக்கும் வேண்டியதுதான். ஆனால் சேர்ந்து, பணம் கட்டி, பாதிப் படிப்பில் நின்றுபோனவர்கள் அதில் தெரிவதில்லை. என் கவலை அவர்களைப் பற்றியது.

சீனாவில் மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகளைப் பாருங்கள். அங்கே பயின்ற இந்தியர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். விடுமுறைக்கு வந்தவர்களும் உண்டு, ஊகானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் மீட்கப்பட்டவர்களும் உண்டு. 2020 மார்ச் 28 அன்று, செல்லுபடியாகும் விசா கையில் இருந்தவர்களுக்கும் சீனா எல்லையை மூடியது. மாணவர் விசா மறுபடி கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில்தான். பிணவறுப்புக் கூடத்திலும் நோயாளியின் படுக்கையருகிலும் கற்க வேண்டியதை, அதுவரை வீட்டில் திரையில் பார்த்தார்கள்.

இணையவழி மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்றது தேசிய மருத்துவ ஆணையம். அது தவறென்று நான் சொல்லமாட்டேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருத்துவராக முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்க எங்கே போவது என்று அந்த மாணவர்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. இது பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் வகுக்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஜூலையில் வந்த திட்டம், ஜூன் 30-க்குள் படிப்பை முடித்துச் சான்று பெற்ற இறுதியாண்டு மாணவர்களை வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வு எழுத அனுமதித்தது. தேறியவர்களுக்கு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு. அதற்குக் கீழ் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆறாண்டு என்று கணக்குப் போட்டு நிலத்தை விற்ற குடும்பம், நகையை அடகு வைத்த குடும்பம், வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிய குடும்பம் இதில் என்ன ஆயின? கடன் தவணை தொடங்கியபின்னும் வருமானம் வராத வீட்டில், அடுத்து படிக்க வேண்டிய தங்கையின் நிலை என்ன? திருமணப் பேச்சு எழுந்த பெண்கள் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள்? மாணவரின் திட்டம் என்று நாம் எழுதுவது உண்மையில் குடும்பத்தின் திட்டம்தான். விசா விதியையும் மருத்துவராகப் பதிவு செய்யும் விதியையும் இரண்டு நாடுகள் தனித்தனியே வகுத்தன; நடுவில் ஒரு பிள்ளையின் வயது கூடிக்கொண்டிருந்ததை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. அதுவே பெருங்குறை என்பது என் முடிவு.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மாணவர்களை நேரில் தேடிப் போங்கள். எந்த ஆண்டில் படிப்பு நின்றது, எவ்வளவு கடன், யார் படிப்பை விட்டார், யார் தொடர்ந்தார் என்று ஊர் ஊராகக் கேட்டு, நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். அடுத்த தொற்று வரும்போது விதி வகுப்பவர்களின் மேசையில் அந்தப் பதிவு இருக்க வேண்டும்.