மலையேறியவர்களின் பெயர்கள்



நினைவுரை என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். நம் ஐயா இருந்திருந்தால் "என்னை விடு, எழுதிக்கொண்டிருப்பவனைப் பேசு" என்றிருப்பார். அதனால் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். மூணாறு லயத்தில் பிறந்தவர். நாவல் முடியும்வரை பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார்.

அவர் எழுதுவது 1924 ஜூலை வெள்ளத்தின் கதை. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அது அடித்துக்கொண்டு போனது; பிறகு அந்த ரயில் ஓடவேயில்லை. ரயிலுக்குப் படம் இருக்கிறது. 1894இல் காலராவில் இறந்த எலினார் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கல்லறை இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களுக்கு? "லைப்ரரிக்கு வரும் கிழிந்த புத்தகத்துக்குக்கூட அக்செஷன் ரிஜிஸ்டரில் ஒரு வரி உண்டு தோழர். என் பூட்டனுக்கு அதுவும் இல்லை" என்றார்.

முதல் படியை வாசித்துவிட்டு நான் சண்டை போட்டேன். அதில் துரை கொடியவன். கூலிகள் எல்லோரும் ஒரு தாய் மக்கள். "கங்காணி எந்தத் தெரு? சுமந்தவர் எந்தத் தெரு?" என்று கேட்டேன். (சமூகவியல் படித்த புத்தி, எதிலும் தெருவைத்தான் கேட்கும்.) போடியிலிருந்து மலையேறியபோது சாதியும் கூடவே ஏறியது. கூலிகளில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, அதையே கடனாக்கிச் சம்பளத்தில் பிடித்த கங்காணியைத் துரையின் கையாள் என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு அத்தியாயம் அனுப்பினார். மழைக்கு ஒதுங்க ஒரே ஒரு கொட்டகை. உள்ளே கங்காணி வீட்டுத் தண்ணீர்ப் பானை. அதைத் தொட்டுவிடக் கூடாதே என்று வாசலிலேயே நனைந்து நிற்கிறாள் ஒரு பெண். படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை.

இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும். செக்ரோல் எழுதியவர் யார், எதை எழுத அவருக்குச் சம்பளம் என்று நாமும் கேட்போம். ஆனால் கதைதானே என்று வெள்ளத்தின் தேதியை ஒரு நாள்கூட நகர்த்த மாட்டார். அதில் மனிதர் கறார்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள். செய்தித்தாள்களில் வந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவற்றை நாவலில் சேர்க்கமாட்டாராம். "அது அந்த வீட்டுக்காரங்க பெயர்" என்கிறார்.

லயத்துப் பிள்ளைகள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுமுறைக்குப் போகும்போது பாட்டியிடம் அவருடைய பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நூலகருக்கு இன்னும் 40 பெயர்கள் வேண்டியிருக்கிறது.