நான் படித்த காதல் கதைகளும் நம்ம வீட்டுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசினவங்க வங்கிக் கடன், கறவை மாடு, தையல் யூனிட் எல்லாத்தையும் பற்றிச் சொல்லிட்டாங்க. என்னைத் தலைவி அக்கா, "நீதான் எப்பவும் புத்தகமும் கையுமா இருக்கியே, படிக்கிறதைப் பத்திப் பேசு" என்று சொல்லிட்டாங்க. நான் என்ன புத்தகம் படிக்கிறேன்னு அவங்களுக்கும் தெரியும். திருக்குறளும் இல்லை, பொது அறிவும் இல்லை. காதல் கதை. ரமணிசந்திரன், முத்துலட்சுமி ராகவன், இப்போ செல்போனில் வருகிற தொடர்கதைகள். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். சிரிக்கிறவங்க சிரிங்க. சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேரு என்கிட்ட வாங்கிட்டுப் போன புத்தகத்தை இன்னும் திருப்பித் தரலை.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாக நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் பெருமை. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம கூடத்தான் இருந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது குழுவால்தான். நானும் எட்டாவதோடு நின்றவள். வாக்கப்பட்டு வந்த பிறகு பேப்பர் கட்டிவந்த பொட்டலத்தைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை. குழுவில் தீர்மான நோட்டு எழுதச் சொன்னபோது எழுத்து மறந்துபோய் இருந்தது. ‘தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒரு வார்த்தையை எழுத எனக்கு அரைமணி நேரம் ஆனது.

அந்த எழுத்துக்கு வேகம் கொடுத்தது எது என்று உண்மையைச் சொன்னால், கதைப் புத்தகம்தான். எங்க ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு ரமணிசந்திரன் நாவல் கிடைத்தது. கடைசிப் பத்துப் பக்கம் இல்லை. முடிவு தெரியாமல் நான் பட்ட பாட்டுக்கு அளவில்லை. அந்த முடிவைத் தேடித்தான் அடுத்த புத்தகம், அதற்கடுத்த புத்தகம் என்று போனேன். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல் எழுதியவர். எனக்குப் பஞ்சமே வரவில்லை.

மாசி, பங்குனி மாதத்தில் எங்க ஊரில் புளி தட்டுகிற வேலை இருக்கும். ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டி, பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து செய்வோம். அந்த இடத்தில் ஒருத்தர் மட்டும் வேலை செய்யாமல் கதை வாசிப்பது என்று வழக்கம் வந்தது. வாசிக்கிறவள் பங்குப் புளியை மற்றவர்கள் தட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் நான்தான் வாசித்தேன். கூலி குறையவில்லை, நேரமும் போனது தெரியவில்லை.

இந்தக் கதைகளைக் குப்பை என்று சொல்கிறவர்கள் உண்டு. பெண்கள் பெண்களுக்காக எழுதுகிற குடும்பக் கதை என்றாலே மட்டமாகப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. லட்சுமி என்ற பேரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரியும் குடும்பக் கதைதான் எழுதினார். ‘ஒரு காவிரியைப் போல’ என்ற அவருடைய நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ஆம்பளைங்க டீக்கடையில் உட்கார்ந்து அரை நாள் பேப்பர் படித்தால் அது பொது விஷயம். நாம அரைமணி நேரம் கதை படித்தால் வெட்டி வேலையா?

இந்தக் கதைகள் எனக்குக் கொடுத்த நல்லது ஒன்று உண்டு. கதையில் ஹீரோ ஆரம்பத்தில் திமிராகப் பேசுவான், பெண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வான். ஆனால் கடைசியில் வந்து, "நான் செய்தது தப்பு, என்னை மன்னிச்சிடு" என்பான். நான் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரு ஆம்பளை தன் பொண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததில்லை. முதன்முதலில் பார்த்தது புத்தகத்தில்தான். இப்படியும் ஒருத்தர் இருக்கலாம், இப்படிக் கேட்க நமக்கும் உரிமை உண்டு என்று தோன்றியதே, அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் புளி தட்டுகிற இடத்திலேயே இன்னொரு பேச்சும் வந்தது. ஒரு கதையில் ஹீரோ நாலாவது அத்தியாயத்தில் ஹீரோயினை அறைந்துவிடுவான். "அவன் மனசுல அன்பு இருக்குது, அதான் கோபம்" என்று நான் வாசித்துக்கொண்டே விளக்கம் சொன்னேன். எங்க குழுவிலேயே மூத்த அத்தை ஒருத்தர் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஏம்மா, அறைஞ்சவன் திருந்த உன் புத்தகத்துல இருநூறு பக்கம் ஆவுது. எனக்கு முப்பது வருசம் ஆச்சு, இன்னும் திருந்தக் காணோம். அடுத்த பக்கத்தப் படி, பார்க்கலாம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அடுத்த பக்கம் வாசிக்கக் குரல் வரவில்லை.

இப்போ நான் சொல்லப்போவது எங்க குழுவில் நடந்தது. அந்த அம்மா இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன்.

அவருடைய மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயசு. என்னிடம் புத்தகம் வாங்கிப் படிக்கிற பிள்ளை. சொந்தத்தில் மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள், பெங்களூரில் வேலை, பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று காதில் விழுந்தது. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு இஷ்டமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "முதல்ல புடிக்காதுக்கா, போகப் போகப் புடிச்சிடும். நீங்க குடுத்த புக்குல எல்லாம் அப்படித்தானே இருக்குது?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் சொன்னது பொய் இல்லை. நம்ம கதைகளில் முக்கால்வாசி அப்படித்தான். இஷ்டம் இல்லாத கல்யாணம், இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது, கடைசியில் காதல். அதை ரசித்துப் படித்தவள் நான். அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான்.

மறுநாள் அவளிடம் அதே புத்தகங்களில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒரு பழைய கணக்கு நோட்டும் கொடுத்தேன். "ஹீரோயினுக்கு என்ன வயசு, என்ன படிச்சிருக்கா, என்ன வேலை, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போறப்போ கையில காசு இருந்துச்சா, எங்க போனா, இதை மட்டும் எழுதிட்டு வா" என்றேன். நாலு நாள் கழித்து வந்தாள். இரண்டு பேரும் இருபது வயசுக்கு மேலே. இரண்டு பேரும் டிகிரி. ஒருத்தி ஆபீஸ் வேலை, ஒருத்தி டீச்சர். கோவித்துக்கொண்டு போனவள் ஹாஸ்டலில் ரூம் எடுத்துத் தங்கினாள். நோட்டை நீட்டிவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மா மருத்துவச் செலவு என்று 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், 1098-க்கு ஒரு போன் போனால் பந்தல் பிரிக்க வேண்டியதுதான் என்று நான் சொன்னேன். அப்படிப் போலீஸ், சட்டம் என்று மட்டும் சொல்லி முடித்திருந்தால் பகைதான் மிஞ்சியிருக்கும். அந்த மூத்த அத்தைதான், "கல்யாணத்துக்குக் கடன் இல்லை, காலேஜு பீசுக்குன்னா இப்பவே எழுது" என்றார். அப்படியே தீர்மானம் எழுதினோம். அந்த அம்மா ஆறு மாசம் என்னிடம் பேசவில்லை. தண்ணி பிடிக்கிற இடத்தில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பிள்ளை இப்போ தருமபுரியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

கதைகளில் இன்னொரு விஷயத்தையும் கவனித்திருக்கிறேன். ஹீரோ என்ன சாதி, ஹீரோயின் என்ன சாதி என்று பெரும்பாலும் எழுதமாட்டார்கள். பணக்காரன், ஏழை என்பதோடு சரி. நம்ம பக்கம் அதுதானே முதல் கேள்வி? 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்துக்குப் பிறகு நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று குடியிருப்புகளில் வீடுகளைக் கொளுத்தியதை நாம மறக்கவில்லை. காதல் கதையைக் கண்ணீர் விட்டுப் படிக்கிற நாம, நிஜத்தில் ஒரு பிள்ளை காதலித்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நம்மளையே கேட்டுக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போ புத்தகம் போய் செல்போன் வந்துவிட்டது. பிரதிலிபி மாதிரி ஆப்பில் தினம் ஒரு அத்தியாயம் வருகிறது. நம்மைப்போல வீட்டு வேலைக்கு நடுவில் எழுதுகிற பெண்கள் அதில் நிறையப் பேர். அது சந்தோஷம். நல்ல கதையும் வருகிறது. ஆனால் ‘ஆன்ட்டி ஹீரோ’ கதை என்று ஒன்று ஓடுகிறது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மிரட்டித் தாலி கட்டுவான், பூட்டி வைப்பான், கடைசியில் அவள் அவனையே விரும்புவாள். அது காதல் இல்லைங்க. நம்ம ஊரில் நடந்தால் 181-க்கு போன் பண்ணுகிற விஷயம். அதை நான் பாதியில் நிறுத்திவிடுவேன். "ஏன் நிறுத்தினீங்க?" என்று என் மகள் கேட்டால் காரணத்தைச் சொல்வேன்.

படிக்காதீங்க என்று நான் சொல்லவே மாட்டேன். பிள்ளைங்க கையில் இருந்து புத்தகத்தைப் பிடுங்கினால் போர்வைக்குள் வைத்துப் படிப்பாங்க, அவ்வளவுதான். நாம கூட உட்கார்ந்து படிக்கணும். குழுவில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் எங்கே போச்சு, யார் கையெழுத்து என்று கேட்கிறோம் இல்லையா? அதே மாதிரி கதையையும் கேட்கணும். இவள் சம்மதம் எங்கே? இவளுக்கென்று சம்பாத்தியம் எங்கே? அடித்தவன் மன்னிப்புக் கேட்டானா, இல்லை இவளே சமாதானம் ஆயிட்டாளா?

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு கோரிக்கை. நம்ம கட்டடத்தில் ஒரு அலமாரி வேண்டும். ஆளுக்கு ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்து வைப்போம். எடுத்துக்கொண்டு போகிறவர் பேரை எழுத ஒரு நோட்டுப் போடுவோம், நானே எழுதுகிறேன். காதல் கதையும் இருக்கட்டும், மற்றதும் இருக்கட்டும். கடைசிப் பக்கம் கிழியாமல் இருந்தால் போதும்.

ஆறு மாசத்துக்குப் பிறகு என்னிடம் பேச ஆரம்பித்த அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்கிறேன்.