தலைவர் பேட்ஜும் கணக்கு நோட்டும்

(நம் குடியிருப்பின் குழந்தைகள் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருடம் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பள்ளித் தேர்தலில் நின்றார்கள். ஒரு பையன் எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவர் ஆனான். இன்னொருவன் ஹவுஸ் கேப்டன். பி பிளாக் பெண் தோற்றுவிட்டாள். மூன்று பேரையுமே மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் கதை. ஒன்பதாம் வகுப்பில் நான் லீடர். அப்போது எங்களுக்கு ஓட்டெல்லாம் கிடையாது. வாத்தியார் யாரைக் காட்டுகிறாரோ அவன்தான் லீடர். அவர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத வேண்டும். ஒருநாள் இரண்டு பேர் பேசினார்கள், இரண்டு பெயரையும் எழுதினேன். ஒருவன் டவுசர் பையிலிருந்து நாலு நெல்லிக்காய் எடுத்துக் கொடுத்தான். அவன் பெயரை அழித்துவிட்டேன். மற்றவன் மட்டும் பிரம்படி வாங்கினான். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

பிறகு வங்கி வேலைக்குப் போனேன். கேஷில் இரண்டு ரூபாய் குறைந்தாலும் டேலி ஆகும்வரை வீட்டுக்குக் கிளம்ப முடியாது. எத்தனையோ நாள் இருட்டும்வரை உட்கார்ந்து டேலி செய்திருக்கிறேன். அந்த நெல்லிக்காய்க் கணக்கு மட்டும் இன்றுவரை டேலி ஆகவில்லை.

இப்போது பல பள்ளிகளில் வேட்புமனு, பிரச்சாரப் பேச்சு, ரகசிய ஓட்டு எல்லாம் உண்டு. பதவியேற்பு விழாவில் பேட்ஜ், தோளில் சாஷ், உறுதிமொழி. நாமும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறோம். சந்தோஷம்தான். ஆனால் பேட்ஜ் குத்திய மறுநாள் என்ன வேலை என்று பிள்ளையிடம் கேட்கிறோமா?

காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே கோயில் சுவரில் இருக்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அதை எடுப்பது ஒரு சின்னப் பையன். யார் நிற்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது! வங்கிக்காரன் நான், படித்ததும் கைதட்டத் தோன்றியது. ஆனால் அந்தச் சபையில் நிலமில்லாதவருக்கு இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. நம் பிள்ளைகளின் பள்ளித் தேர்தல் அந்த வகையில் ஒருபடி மேல்.

இப்போது பி பிளாக் பெண்ணின் கதை. பிரச்சாரத்துக்காக அவள் ஒவ்வொரு வகுப்பாகப் போய் என்ன குறை என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதியிருக்கிறாள். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, குடிதண்ணீர்க் குழாயில் இரண்டு வேலை செய்யவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதில்லை. தேர்தலில் தோற்ற அன்று வீட்டில் அழுதாளாம். மறுநாள் அந்த நோட்டை ஜெயித்த பையனிடமே கொடுத்து, “இதை நீ மேடத்திடம் கேள்” என்றிருக்கிறாள். அவனும் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறான். தாழ்ப்பாள் வந்துவிட்டது. குழாய் இன்னும் வரவில்லை. மாதாமாதம் இரண்டு பேரும் சேர்ந்து போய் ஞாபகப்படுத்துகிறார்கள்.

அந்தப் பையன் வேறு யாருமில்லை, நம் ஏ பிளாக் எஸ்.பி.எல். தான். மூன்று பேரும் மேடையில் நிற்க வேண்டும் என்று நான் சொன்னது இதனால்தான்.

பெரியவர்களே, நம் சங்கத்தில் பொருளாளர் பதவி ஆறு மாதமாகக் காலியாக இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று லிஃப்டில் கேட்கிறோம். பொதுக்குழுவில் பெயர் கொடுக்க ஒருவரும் எழுந்திருப்பதில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது என்று சாக்கு சொன்னேன். இந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் என் பெயரைக் கொடுக்கிறேன். இளையவர் யாராவது முன்வந்தால் விலகிக்கொண்டு, கணக்கு எழுத உதவுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. யார் நெல்லிக்காய் கொடுத்தாலும் போர்டில் எழுதிய பெயரை அழிக்காதீர்கள்.