எழுதும் பிள்ளைக்கு முதல் வாசகர்



நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறது. படிக்கக் கற்ற பிள்ளை தன் வாழ்வைத் தானே எழுதக் கற்பதே அடுத்த படி. நம்மைப் பற்றிப் பிறர் மட்டுமே எழுதிய காலம் போதும்.

ஆனால் வகுப்பறையில் நடப்பது என்ன? பிள்ளை கட்டுரை எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் பிழைகளைச் சுழித்து மதிப்பெண் இடுகிறார். அத்துடன் அவ்வெழுத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. திருத்துபவர் கிடைக்கிறார், வாசகர் கிடைப்பதில்லை.

நம் கரிசல் மண்ணைப் பாருங்கள். இடைசெவல் என்னும் சிற்றூரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் தோழர்களாக வளர்ந்தனர்; ஊர் பிரிந்த பின்னும் கடிதங்களால் உரையாடினர். அழகிரிசாமிக்கு 1970இலும் கி.ரா.வுக்கு 1991இலும் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. 1979இல் 'பிறகு' நாவலில் ஒடுக்கப்பட்டோர் வாழ்வைக் கரிசல் மொழியிலேயே வடித்த பூமணி 2014இலும், உருளைகுடி சோ. தர்மன் 2019இலும் அவ்விருதைப் பெற்றனர். நம் வீட்டுப் பேச்சு இலக்கியமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அத்தகைய தோழமையை வகுப்பிலும் வளர்க்கலாம். மாணவர் இருவர் தம் கட்டுரைகளை மாற்றிப் படிக்கட்டும். முதலில், மனத்தில் நின்ற வரியைச் சொல்ல வேண்டும். அடுத்து, விளங்காத இடத்தைக் காட்டி ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதை மாற்றுவது என்பதை எழுதியவரே முடிவு செய்வார். எழுத்துப் பிழை பார்ப்பது கடைசி வேலை. "அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், கஷ்டப்படுகிறாள்" என்று ஒரு சிறுமி எழுதினால், "மாலையில் வரும்போது அம்மாவின் கை எப்படி இருக்கும்?" என்று தோழி கேட்பாள். அக்கேள்வியிலிருந்து பிறக்கும் இரண்டாம் படியை எந்தச் சிவப்பு மையும் எழுதிவிட முடியாது.

இதற்கு முதலில் பயிற்சி பெற வேண்டியவர்கள் ஆசிரியர்களே. ஆசிரியர் இருவர் தாமே ஒரு பக்கம் எழுதி, மாற்றிப் படித்துப் பார்க்கட்டும். தம் எழுத்தைப் பிறர் கையில் கொடுக்கும்போது உண்டாகும் கூச்சம் அப்போது விளங்கும். பின்பு அதே பக்கத்தை மாணவர் முன் வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். மாணவர் பேசும்போது நாம் வாய் மூடிக் கேட்பதே கடினமான பாடம்.

ஓர் எச்சரிக்கை. எந்தத் தெருப் பிள்ளையின் ஏட்டை எந்தத் தெருப் பிள்ளை படிக்கிறது என்பதில் ஆசிரியர் கண்ணாக இருக்க வேண்டும். ஒரே தெருவினரை மட்டும் சேர்த்தால் பழைய சுவர் வகுப்பிலும் எழும்பும். வீட்டுத் தொழிலையும் பேச்சையும் இகழும் சொல்லுக்கு அங்கே சிறிதும் இடம் தரலாகாது. கொச்சை என்று ஒரு சொல்லை அடிக்குமுன், அது பிழையா, கரிசல் வழக்கா என்று ஆராய வேண்டும்.

இளைஞர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாலை நேரப் படிப்பகத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தம்பி தங்கையர் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் உண்டென்று அறிந்த பிள்ளை எழுதாமல் இராது.