நெய்வேலி நெருப்பும் தமிழர் உரிமையும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



வளரும் நாடு ஒன்றின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அதன் கருவூலத்தைத் திறந்து பார்க்க வேண்டுவதில்லை. அந்நாட்டின் எரிபொருள் எவர் மண்ணில் கிடைக்கின்றது, எவர் ஆணையால் பங்கிடப்படுகின்றது என்னும் இரண்டு வினாக்களை எழுப்பினாலே போதும். மண்ணுக்குரியவரும் ஆணையிடுபவரும் ஒருவராயின் அஃது உரிமை நாடு. இருவரும் வேறாயின், அங்கு எத்தனை விளக்குகள் எரிந்தாலும் அடிமையிருள் அகலவில்லை என்றே பொருள். தமிழ்நாட்டில் இவ்வினாக்களை எழுப்புதற்கு நெய்வேலியினும் தகுந்த இடம் வேறில்லை.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 1930-களில், சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தார். நீரோடு கரிய துகள்களும் வெளிப்பட்டன. அவர் அதனை அரசின் பார்வைக்குக் கொண்டு சென்றார். ஆய்வுகள் தொடர்ந்தன. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14-ஆம் நாள், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957-இல் அகழ்வுப் பணியைத் தலைமை அமைச்சர் நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. செருமானியரின் அகழ்வுப் பொறிகளும் சோவியத்து நாட்டின் மின்பொறிகளும் துணை நின்றன. 1962-இல் முதல் மின்பொறி சுழன்றது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டுக்கு ஒளி தந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. இந்திய நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டு மண்ணில்தான் உள்ளது.

இவ்வளவு செல்வத்திற்கு இந்த மண் கொடுத்த விலை என்ன? பழுப்பு நிலக்கரி ஆழத்தில் கிடப்பது. ஒரு டன் கரிக்குப் பன்மடங்கு எடையுள்ள மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். அந்த மேல்மண்ணே உழவனின் வயல், அவன் ஊர், அவன் முன்னோரின் இடுகாடு. கரிப்படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கின்றது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தில் எவரும் நிற்க இயலாது. இறைக்க இறைக்கச் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கின்றது. அந்தக் கரியோ எடையில் ஏறத்தாழப் பாதி நீரைக் கொண்டது. தொலைவுக்குச் சுமந்து செல்லக் கட்டுப்படியாகாதது. குவித்து வைத்தால் தானே தீப்பற்றுவது. ஆகவே அதனைச் சுரங்கத்தின் வாயிலிலேயே எரிக்க வேண்டியுள்ளது. புகையும் சாம்பலும் வெம்மையும் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஒளி மட்டுமே கம்பியேறி வெளியூர் செல்கின்றது.

அவ்வொளியைப் பங்கிடுபவர் எவர்? கனிமங்களை ஒழுங்குபடுத்தும் உரிமை, ஒன்றியப் பட்டியலின் 54-ஆம் பதிவாலும் 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தாலும் தில்லியின் கைக்குச் சென்றது. மின்னாற்றல் பொதுப்பட்டியலில் உள்ளது. நடுவண் மின்நிலையங்களின் ஆற்றலைப் பகிர்வதற்கென ஒரு பொதுநெறி வகுக்கப்பட்டது. நிலையம் அமைந்த மாநிலத்துக்கு, அமைவிடம் என்னும் கரணியத்தால் 10 விழுக்காடு. நடுவணரசு தன் விருப்பப்படி வழங்குவதற்கு 15 விழுக்காடு. எஞ்சிய 75 விழுக்காடு அம்மாநிலம் உள்ளிட்ட மாநிலங்களுக்கு, அவை பெற்ற நடுவண் திட்ட உதவியையும் மின் நுகர்வையும் கணக்கிட்டு! மண்ணையும் நீரையும் தந்தவனின் தனியுரிமை பத்து. ஆணையிடுபவனின் கையிருப்பு பதினைந்து. இஃது எந்த ஊர் முறை?

நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 1,470 மெகாவாட் ஆற்றல் கேரளம், கருநாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் செல்கின்றது. அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதைத் தமிழன் என்றும் மறுத்தவன் அல்லன். ஆனால் கொடுக்கும் கை தன் கையாக இருக்க வேண்டும் என்கின்றான். 2012-இல் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் நாள்தோறும் பல மணிநேரம் இருளில் கிடந்தன. கோவைப் பட்டறைகள் முடங்கின. அந்நாளிலும் நெய்வேலி ஆற்றலை ஒதுக்கும் எழுதுகோல் தமிழ்நாட்டின் கையில் இல்லை.

பெருமக்களே! மண் போனது, ஆற்றல் போனது, பெயராவது நின்றதா? 2016-இல் அந்நிறுவனத்தின் பெயர் 'என்.எல்.சி. இந்தியா' என்று மாற்றப்பட்டது. நெய்வேலி என்னும் நறுந்தமிழ் ஊர்ப்பெயர் ஓர் ஆங்கில எழுத்துக்குள் ஒடுங்கிற்று. ஊரின் பெயரை மறைப்பவர் ஊராரின் உரிமையை நினைவிற் கொள்வார் என்று எவ்வாறு நம்புவது?

2006-இல் இந்நிறுவனப் பங்குகளை விற்க எழுந்த முயற்சி தமிழ்நாட்டின் எதிர்ப்பால் நின்றது. 2013-இல் மீண்டும் விற்க முனைந்தபோது, தமிழ்நாட்டரசின் நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டுப் பங்கினை விலை கொடுத்து வாங்கின. தன் மண்ணின் விளைவைத் தானே பணங்கொடுத்து வாங்கிய நிலை அது! 2023 சூலைத் திங்களில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்கென, வளையமாதேவியில் நின்ற நெற்பயிர் மண்வாரிப் பொறிகளால் அழிக்கப்பட்டது. நிலம் முன்பே பெறப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது என்றது நிறுவனம். இருக்கலாம். விளைந்த பயிரை அறுக்கும்வரை பொறுக்க இயலாத அளவுக்கு என்ன விரைவு? சோற்றை மிதித்து ஏற்றும் விளக்கு எந்த வீட்டுக்கு ஒளி தரும்?

ஆயினும் மனந்தளர வேண்டுவதில்லை. அதே ஆண்டில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகிய நிலக்கரிப் பகுதிகளை நடுவணரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு ஒரே குரலாய் எழுந்தது, அம்மூன்றும் நீக்கப்பட்டன. கனிம உரிமத்தொகையின் மேல் தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாதென 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2024 சூலை 25-ஆம் நாள், ஒன்பது நடுவர் கொண்ட ஆயம், கனிம உரிமைக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று கூறி அப்பழந்தீர்ப்பைத் தள்ளியது. முப்பத்தைந்து ஆண்டுகள் பூட்டியிருந்த கதவு சிறிதே திறந்துள்ளது. அவ்வாண்டே தமிழ்நாடும் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

இக்குரல் தமிழருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களில் எரியும் கருநிலக்கரி ஒடிசாவின் தால்ச்சேர்ச் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி வருகின்றது. அங்கும் ஊரிழந்த மக்கள் உளர். தன் மண்ணுக்கு உரிமை கேட்கும் தமிழன், அவர்தம் உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதுவே தமிழறம்.

எனவே தமிழர் கேட்பன நான்கு. கனிமத்தின் மேல் மாநிலத்துக்கு முழு உரிமை. மின்பங்கீட்டில் மண்ணுக்குரிய மாநிலத்துக்கு முதலுரிமை. நிலம் இழந்த குடும்பங்களுக்கு நிலையான வேலை. விளைநிலங்களில் புதுச் சுரங்கம் இன்மை. இவற்றுள் ஒன்றும் பிச்சையன்று. நெய்வேலி மண்ணுக்குள் கிடந்த கரி நெருப்பாயிற்று. தமிழர் நெஞ்சுக்குள் கிடக்கும் உரிமையுணர்வும் அவ்வாறே நெருப்பாகுக!

வெல்க தமிழ்! வாழ்க தமிழர் உரிமை!