மறைத்தேந்தும் கைத்துப்பாக்கியும் பயிற்சியும்



அமெரிக்க நாட்டிலே கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு வீதியிற் செல்வது குடிமகனின் உரிமையாகக் கொள்ளப்படுகின்றது. தனிப்பட்ட தேவையைக் காட்டினாலன்றி அனுமதியில்லை என்றிருந்த நியூயோர்க் சட்டத்தை அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022 யூன் 23இல் செல்லாததாக்கியது. எனவே, உரிமை உண்டா என்பதன்று நமது வினா. அவ்வுரிமையைக் கையாள்பவர் எவ்வளவு பயின்றிருத்தல் வேண்டும் என்பதே வினா.

விடை மாநிலந்தோறும் வேறுபடுகின்றது. அத்தீர்ப்பின் பின் நியூயோர்க் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடுபயிற்சியையும் விதித்தது. ரெக்சசிலோ, சட்டத் தடையில்லாத 21 வயதினர் எவரும் 2021 செப்டெம்பர் 1 முதல் அனுமதிப்பத்திரமின்றியே ஏந்தலாம். முடி திருத்துவோருக்குப் பல நூறு மணி நேரப் பயிற்சியை விதிக்கும் மாநிலம் அது! 2024இன் முடிவில் இவ்வழி நின்ற மாநிலங்கள் 29.

ரெக்சசில் அனுமதிப்பத்திரத்தை விரும்பிப் பெறுவோர்க்குத் தேர்வு உண்டு. 3, 7, 15 கெஜத் தொலைவிலுள்ள கடதாசி உருவத்தை நோக்கி 50 வெடிகள். கடதாசி ஓடுவதில்லை, திருப்பிச் சுடுவதுமில்லை, அதன் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய் நிற்பதுமில்லை.

2012 ஓகஸ்ட் 24இல், நியூயோர்க்கின் எம்பயர் ஸ்ரேட் கட்டடத்தின் முன்னால், கொலையாளி ஒருவனை நோக்கிப் பொலிசார் இருவர் 16 குண்டுகள் சுட்டனர். அவன் மாண்டான். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமுற்றனர். அத்தனையும் பொலிசாரின் குண்டுகளாலும் சிதறல்களாலும் நேர்ந்தவை. ஆயுதமேந்துவதையே தொழிலாகக் கொண்டோர்க்கே இந்நிலையாயின், ஒரு நாள் வகுப்பிலிருந்து எழுந்து வந்தவரைப் பற்றி யாது சொல்வோம்?

குறி தப்பாமை மட்டும் போதுமோ? 2021 யூன் 21இல், கொலராடோ மாநிலத்து ஆர்வாடா நகரில், பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றவனைக் குடிமகன் ஒருவர் தமது கைத்துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தினார். அவர் குறி தப்பவில்லை. ஆனால் வீழ்ந்தவனின் நீள்துப்பாக்கியைக் கையிலெடுத்தார். அதனைக் கண்ட மற்றொரு பொலிஸ்காரர் அவரையே கொலையாளியென எண்ணிச் சுட்டுக் கொன்றார். தோளிலே தொங்கும் துவக்கை ஊரார் காண்பர். மறைத்தேந்தியவர் எத்தரப்பினர் என்பதை எவர் அறிவார்?

ஆகவே யாம் வேண்டும் பயிற்சி சுடுவதைவிடச் சுடாதிருத்தலைப் பற்றியது. வாய்ச்சண்டையிலிருந்து விலகுதல், உயிர்ப்பறிப்பைச் சட்டம் எவ்விடத்தில் மன்னிக்கும் என அறிதல், பொலிசார் வந்ததும் ஆயுதத்தைக் கீழே வைத்தல், வீட்டிலே பிள்ளைகளின் கைக்கெட்டாது பூட்டி வைத்தல் ஆகியவற்றை மணிக்கணக்கு மட்டும் கற்பித்துவிடாது. ஆண்டுதோறும் மீட்டுப் பயிலவும் வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. இரவு வேலை முடிந்து அச்சத்தோடு வீடு திரும்பும் ஏழைப் பெண், கூலியை இழந்து 18 மணி நேரத்தையும் அதற்கான கட்டணத்தையும் எங்ஙனம் தேடுவாள்? மிகையான கட்டணம் உரிமையையே பறித்துவிடலாம் என 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பும் எச்சரித்துள்ளது. இதற்காகப் பயிற்சியைக் கைவிடுதல் தகாது. பயிற்சியைக் கட்டாயமாக்கும் அரசே அதன் செலவையும் ஏற்கட்டும். வகுப்புகளை உழைப்போர் வரக்கூடிய நேரத்தில் நடத்தட்டும்.