கமெண்ட் விழுங்கிய வரி
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா சிவில்காரங்களுக்கும் புரியணும்" என்று சங்கச் செயலாளர் போனில் சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஓர் எழுத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஜப்பானிய வாடிக்கையாளர் ஒருவரின் சி++ புரோகிராம் எங்களிடம் வந்தது. வெப்ப உலை ஒன்றைக் கட்டுப்படுத்தும் புரோகிராம். விண்டோஸில் வெகுகாலம் ஒழுங்காக ஓடியது. அதை லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். கம்பைல் செய்தோம், ஒரு எர்ரர்கூட இல்லை. ஆனால் சோதனையில் வெப்பநிலை வரம்பைத் தாண்டியும் ஹீட்டர் நிற்கவில்லை! நல்லவேளை, அது சிமுலேட்டர்தான். ஹீட்டரை நிறுத்தும் வரி ஃபைலில் இருக்கிறது, எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். கம்பைலர் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை.

அந்த வரிக்கு நேர் மேலே 'தானியங்கி நிறுத்த வசதி' என்று ஜப்பானிய மொழியில் ஒரு கமெண்ட். வசதி என்பதற்கு அவர்கள் சொல் 'கினோ'. அதில் 'நோ' ஒரு காஞ்சி எழுத்து (நம்ம காஞ்சிபுரம் இல்லை சார்). ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் அதற்கு 148, 92 என்று இரண்டு பைட். ஆஸ்கியில் தனி 92 என்றால் பேக்ஸ்லாஷ். சி மொழியில் வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷ் வந்தால், அடுத்த வரியும் இதோடு சேர்த்தி என்று அர்த்தம். ஆக, ஹீட்டரை நிறுத்தும் வரியும் கமெண்டாகிப் போனது. ஜப்பானிய விண்டோஸ் கம்பைலர் இரண்டு பைட்டையும் ஓர் எழுத்தாகப் படித்தது. ஜிசிசியோ ஃபைலை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொண்டு, 92-ஐத் தனியாகப் படித்துவிட்டது. வார்னிங்கைப் போட்டு வைத்தால் ஜிசிசி இதைச் சொல்லும். எங்களுக்கு வந்த ஸ்கிரிப்டில் அதை அணைத்து வைத்திருந்தார்கள்!

ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண்கள். எந்த அட்டவணைப்படி படிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. யூடிஎஃப்-8-ல் இந்த விபத்துக்கே இடமில்லை. 128-க்குக் கீழான பைட் ஆஸ்கிக்கு மட்டும்தான். எல்லா ஃபைலையும் ஐகான்வ் கொண்டு மாற்றினோம், ஹீட்டர் நின்றது. பைத்தான் 2008-ல் வந்த 3-ஆம் பதிப்பிலேயே யூடிஎஃப்-8-ஐ இயல்பாக்கிக் கொண்டது. ஜாவாவுக்கு 2022 வரை, அதாவது ஜேடிகே 18 வரை, பொறுக்க வேண்டியிருந்தது.

யூடிஎஃப்-8 வந்துவிட்டால் தமிழுக்குத் தொல்லை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. 'பொன்னி'யில் வரும் ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் வைக்கலாம்; கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பைத்தானில் மாறிகளின் பெயர் என்றால் மொழியே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மேற்கோள் குறிக்குள் இருந்தால் தொடாது. மாணவர் பட்டியலில் பொன்னி இருப்பாள், தேடினால் கிடைக்க மாட்டாள். ஒப்பிடும் முன் இரண்டையும் 'நார்மலைஸ்' செய்துகொள்ள வேண்டும்.

தம்பிகளா, தங்கைகளா, திங்கட்கிழமை லேப்பில் அந்த எண்களைக் கொடுத்து இரண்டு பொன்னிகளையும் உண்டாக்கி நீளம் கேளுங்கள். ஒருத்திக்கு 6 வரும், இன்னொருத்திக்கு 7.